வளையமா, தகடா? சாவிகளை எதில் கோப்பது

சாவிக்கொத்து பாக்கெட்டில் புடைத்து நிற்பதற்குச் சாவிகளின் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்ல முடியாது. வளையத்தில் தொங்குகிற ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் இடத்தை அடைக்கிறது. தட்டையான வீட்டுச் சாவி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆறு சாவியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 12 மில்லிமீட்டர்; இரு முனைக்கும் மும்மூன்றாகப் பிரித்தால் அதில் பாதி. கீ ஆர்கனைசர் முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. இரண்டு தகடு, நடுவில் சாவிகள், இரு முனையிலும் ஸ்க்ரூ. வேண்டியதைப் பேனாக்கத்தி மாதிரி விரித்துக்கொள்ளலாம். 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி வந்த கீஸ்மார்ட் இந்த ரகம். அதே ஆண்டு அதே வழியில் வந்த ஆர்பிட்கீ தகட்டுக்குப் பதிலாக ஒரு பட்டையை மடித்து, ஒரே ஸ்க்ரூவில் எல்லாச் சாவியையும் பிடிக்கிறது.

பாக்கெட்டில் பருமனும் சத்தமும் குறைவது என்று பார்த்தால் தகடுதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. பூட்டின் முன் போய் நின்றால்தான் கதை மாறுகிறது. சில கதவுகளில் சாவித்துளை கைப்பிடிக்கு ஒட்டியோ உள்வாங்கியோ இருக்கும். அங்கே தகட்டின் விளிம்பு முட்டி, சாவி முழுதாக உள்ளே போகாது. போனாலும், திருப்பும்போது நீளமான உடல் நிலைச்சட்டத்தில் இடிக்கும். வளையத்தில் தொங்கும் சாவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாறாக, இறுகிப்போன பூட்டுக்குத் தகடுதான் நல்லது. பிடி நீளமாக இருப்பதால் விரல் நோகாமல் திருப்பலாம்.

இருட்டில் தடவிப் பார்த்துச் சரியான சாவியை எடுக்க வளையம் பரவாயில்லை. தலையின் வடிவமே அடையாளம் சொல்லிவிடும். தகட்டில் தலைகள் உள்ளே மறைந்துவிடுவதால் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உருண்டைத் தண்டுள்ள பழைய ரகச் சாவிகளும் பிளாஸ்டிக் தலை வைத்த வண்டிச் சாவிகளும் தகட்டுக்குள் அடங்காது. அவற்றை வெளியே ஒரு கொக்கியில் மாட்டத்தான் வேண்டும். தொலைந்த பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஆப்பிளின் ஏர்டேக் வில்லையை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி: 31.9 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் தடிமன், கோக்க ஒரு துளைகூட இல்லை. தனி உறை வாங்கித் தொங்கவிட்டால், ஒல்லியாக்கிய கொத்து மறுபடி பருத்துவிடும்.

சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் காரில் இரண்டையுமே தொங்கவிடாமல் இருப்பது நல்லது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களை இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தபோது, பழுது நீங்கும்வரை கார்ச் சாவியை மட்டும் தனியாகப் பயன்படுத்தும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஓடும்போது கொத்தின் கனமே ஸ்விட்சை இழுத்து இன்ஜினை அணைத்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். அந்தக் கோளாறு எல்லாக் கார்களிலும் இல்லைதான். ஆனால் ஆர்கனைசர் பருமனைக் குறைக்குமே தவிர எடையைப் பெரிதாகக் குறைக்காது, தகடும் ஸ்க்ரூவும் தம் பங்குக்குச் சேர்க்கவே செய்யும். இழுத்தால் இரண்டாகக் கழன்றுவரும் கொக்கி ஒன்று போதும், கார்ச் சாவியைத் தனியே பிரித்துக்கொள்ளலாம்.

அடிக்கடி ஒரு சாவியைக் கழற்றி யாரிடமாவது கொடுப்பவர் வளையத்தை விட வேண்டாம். நகம் வலித்தாலும் கருவி தேவையில்லை. தட்டைச் சாவிகள் நான்கிலிருந்து ஏழு வரை, அவையும் மாறாதவை என்றால் நான் தகட்டையே சொல்வேன். மூன்றுதான் இருக்கிறதா? எதையும் வாங்க வேண்டாம், சின்ன வளையமே போதும். உள்ளே கொக்கி வரிசை வைத்த தோல் உறை கீறலைத் தடுக்கும், பருமனைக் குறைக்காது.

தகடு வாங்கினால் கவனம் ஸ்க்ரூவில் இருக்கட்டும். சாவியை விரிக்கும் ஒவ்வொரு முறையும் அது துளித்துளியாகத் தளரும். தளர்ந்தால் சாவிகள் தாமாகவே விரிந்து பாக்கெட் துணியைக் குத்தும்; முறுக்கி இறுக்கினால் விரல் விரிக்க மறுக்கும். இரு பக்கமும் ஒரே உயரம் வரும்படி வாஷர் போட்டுச் சமன் செய்து, மரையில் ஒரு சொட்டு நீல நிறத் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விட்டு ஒரு நாள் காயவையுங்கள். சிவப்பு நிறத்தை எடுத்துவிடாதீர்கள், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.