ரயில் நிலைய வாசல் பப்களில் பணம் கட்டுமுன்: ஓர் எச்சரிக்கை

லண்டனில் யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், பாடிங்டன், விக்டோரியா என்று எந்தப் பெரிய ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் உள்ளேயோ வாசலுக்கு எதிரிலோ, நாடு முழுவதும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் பப் இருக்கும். ஊரிலிருந்து வந்த உறவினர்களை ரயில் ஏற்றிவிடப் போகும்போது, அவர்களுக்கு ஓர் ஆங்கிலேய பப்பையும் காட்டிவிடலாம் என்று நம்மில் பலர் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். அப்படிப்பட்ட ஓரிடத்தில் என் குடும்பத்துக்கு நேர்ந்ததை மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோவையிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா மகன், பிறந்தது முதல் அசைவம் தொடாதவர். அண்ணனும் அண்ணியும் மாலை ரயிலில் புறப்பட வேண்டியிருந்ததால், என் மனைவியும் நானும் அவர்களுடன் உணவுக்காக அங்கே சென்றோம். பானங்களை பார் கவுன்ட்டரில் கேட்டு வாங்கினோம். மனைவிக்கு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின், எனக்கு ஒரு விஸ்கி, அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஆரஞ்சுச் சாறு என்று சொன்னேன். அளவு எதையும் நான் குறிப்பிடவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒயின் 250 மில்லி கிளாஸில் வந்தது, விஸ்கி இரட்டை அளவாக வந்தது. கார்டு இயந்திரத்தைத் திருப்பி நீட்டியபோது மொத்தத் தொகை மட்டுமே தெரிந்தது. கேட்டதற்கு, "எல்லோரும் பெரியதைத்தான் கேட்பார்கள்" என்பது பதில்.

இங்கே ஒரு விதியை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்க உரிமம் பெற்ற பப்கள், பீரை அரை பைண்ட் அளவிலும், விஸ்கி, ஜின், ரம், வோட்காவை 25 அல்லது 35 மில்லி அளவிலும், ஒயினை 125 மில்லி அளவிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது உரிமத்தின் கட்டாய நிபந்தனை. வாடிக்கையாளர் அளவைச் சொல்லாமல் கேட்டால், இந்தச் சிறிய அளவுகள் உண்டு என்பதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதும் 2014 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. கேட்காமலேயே பெரியதை ஊற்றி, பெரியதற்கு விலை போடுவது இந்த நிபந்தனைக்கு நேர் எதிரானது. ஆகவே கவுன்ட்டரில் "சிங்கிள்" என்றும் "125 மில்லி" என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரும் அப்படித்தான்: கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது அதே நிபந்தனைகளில் ஒன்று. அண்ணி தண்ணீர் கேட்டபோது எங்களுக்கு பாட்டில்தான் காட்டப்பட்டது. குழாய்த் தண்ணீரே போதும் என்று மனைவி அழுத்திச் சொன்ன பிறகுதான் வந்தது.

உணவை மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, செயலி வழியாகத்தான் ஆர்டர் செய்ய வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு, பட்டியலில் சைவக் குறியுடன் இருந்த பீன்ஸ் பர்கரைத் தேர்ந்தெடுத்தோம். பணம் செலுத்தும் கடைசித் திரையில் 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தது. விருப்பத்துக்குரியது என்ற சொல் அதன் அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் தெரியும்படி இருந்தது. அதை நீக்குவதற்கான பொத்தான் எதுவும் அங்கே இல்லை. முள்கரண்டி, கத்தி, சாஸ், தண்ணீர்க் குவளை எல்லாவற்றையும் நாங்களே எழுந்து போய் எடுத்துவரும் இடத்தில் எந்தச் சேவைக்காக இந்தக் கட்டணம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விருப்பக் கட்டணம் என்று எழுதியிருந்தால், அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணியாளருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, அந்தத் தொகை முழுவதையும் நிறுவனம் ஊழியர்களுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும்.

உணவு வரவே நெடுநேரமாயிற்று. அண்ணன் ஒரு வாய் கடித்து மென்றவர் சட்டென்று நிறுத்தினார். பர்கரின் கடிபட்ட பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம்: மொறுமொறுப்பான மேல்பூச்சுக்குள் பீன்ஸ் மசியலுக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்று நார் நாராகப் பிரிந்த கோழி இறைச்சி. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வாயிலிருந்ததைக் காகிதக் கைக்குட்டையில் துப்பி மடித்துவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. அறுபது வயது வரை ஒருவர் கட்டிக்காத்த விரதத்தை ஒரு சமையலறையின் அலட்சியம் குலைத்துவிட்டது. அதற்கு எந்தத் தொகையைத் திருப்பித் தந்தாலும் ஈடாகாது.

மேலாளர் வந்து, இரண்டு பர்கர்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே மாறியிருக்கும் என்று எளிதாகச் சொன்னார். வேறொன்று செய்து தருகிறோம் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, செயலி வழியாக வந்த ஆர்டருக்குக் கவுன்ட்டரில் திருப்பித் தர முடியாது, மின்னஞ்சல் எழுதுங்கள் என்றார். "விடு தம்பி, வண்டியைப் பிடிப்போம்" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

நேரமில்லாத வாடிக்கையாளர் வாதாட நிற்கமாட்டார் என்பதும், அடுத்த நாள் இன்னொரு பயணி வந்து அதே நாற்காலியில் உட்காருவார் என்பதும் இத்தகைய இடங்களுக்கு நன்றாகவே தெரியும். அன்று பணியில் இருந்த பிள்ளைகளை நான் குறை கூறவில்லை. நிரம்பி வழிந்த அந்தக் கூடத்தை மிகச் சிலரே ஓடி ஓடிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆளைக் குறைத்ததும், செயலியை அப்படி அமைத்ததும் நிறுவனம்தான்.

அந்த மேலாளர் சொன்னது சட்டப்படி செல்லாது. வாங்கிய பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். செயலியில் கேட்டாலும் நேரில் கேட்டாலும் விற்பது அந்த நிறுவனம்தான். வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை விற்பது 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி குற்றம். நல்லவேளையாக, தட்டை எடுத்துச் செல்லும் முன்பே மனைவி பர்கரையும் ரசீதையும் படம் எடுத்துவிட்டார். அந்தப் படங்கள்தான் பின்னர் பேசின. இப்படி நேர்ந்தால் தட்டை உடனே கொடுத்துவிடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல பப்களில் உருளைக்கிழங்கு சிப்ஸை மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்‌ஷரில், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. பச்சை இலைக் குறியை மட்டும் நம்பாமல், எதில் பொரிக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதினோம். நெடுநாள் கழித்து பர்கர் விலையை மட்டும் திருப்பி அனுப்பி, வருந்துகிறோம் என்று ஒரு வரி எழுதினார்கள். சேவைக் கட்டணத்தைப் பற்றி மூச்சே இல்லை. கார்டில் செலுத்திய அந்தப் பணத்தைத் திருப்பிப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால், அவர்கள் வணிக முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குத் தகவல் அனுப்புவார்கள். உணவு மாறிய விவகாரத்தை உள்ளூர் கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கும் தனியே எழுத வேண்டும். இரண்டையும் செய்துவிட்டோம். கவுன்சிலில் இருந்து ஓர் அதிகாரி படங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தச் சமையலறையில் சைவத்தையும் அசைவத்தையும் எப்படிப் பிரித்துவைக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்.