கீரி கடித்த கோழிக்கு எது முதலில்: உப்புத்தண்ணியா, பெட்டாடினா, மஞ்சளா?

கோழியைக் கீரியோ தெருநாயோ கவ்விவிட்டுப் போனால் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மஞ்சளை அப்பு என்பார் ஒருவர், பெட்டாடினை ஊற்று என்பார் இன்னொருவர். நுரைக்கிற மருந்து வாங்கிவர மெடிக்கலுக்கு ஓர் ஆள் ஓடும். எல்லாமே புண்ணுக்குப் போடுகிற சாமான்கள்தான். ஆனால் எதை எப்போது போடுகிறோம் என்பதில்தான் கோழி பிழைப்பது இருக்கிறது.

எந்த மருந்தானாலும் அதற்கு முன்னால் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஒன்றரை கிலோ நாட்டுக்கோழியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், ஒரு டீ கிளாஸ் அளவு. சுத்தமான பருத்தித் துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு சதையை வேகவைத்துவிடும், மற்ற இரண்டும் பிறகு கழுவி எடுக்கவேண்டிய அழுக்கு. கொண்டை வெளுத்து, தலை தொங்கிக் கிடந்தால் உடனே கழுவ ஆரம்பிக்காதீர்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் இருட்டில், சத்தமில்லாத இடத்தில் விட்டு, தலையைத் தூக்கிய பிறகு புண்ணைப் பாருங்கள்.

புண்ணைச் சுற்றி இரண்டு விரற்கடைக்கு இறகைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம். கோழித்தோல் காகிதம் மாதிரி மெலிசு, பிடுங்கினால் கிழிசல் பெரிதாகும்.

கழுவுவதற்கு உப்புத்தண்ணிக்கு நிகர் எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் முடிவு. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் தூளுப்பு. கண்ணளவில் அள்ளிப் போட்டால் உப்பு கூடி எரியும், சதையில் இருக்கும் நீரையும் இழுக்கும். கைபொறுக்கும் சூட்டில், ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வழிகிற மாதிரி சாய்வாகப் பிடிக்க வேண்டும், நேராகக் குத்திப் பீய்ச்சினால் மண்ணும் இறகுத் துணுக்கும் இன்னும் உள்ளே போகும். உள்ளங்கை அளவு புண்ணுக்கு அரை லிட்டர் வரை செலவாகும், தாராளமாகச் செலவழியுங்கள். இதன் குறை ஒன்றுதான்: அழுக்கை அடித்துப் போகுமே தவிர, கிருமியைக் கொல்லாது.

ஓர் இடத்தில் மட்டும் உப்புத்தண்ணியும் கூடாது. முதுகிலோ விலாவிலோ உள்ள துளையில் கோழி மூச்சு விடும்போது குமிழி வந்தால், அது காற்றுப்பை வரை இறங்கிய காயம். அதற்குள் எந்தத் தண்ணீரைப் பீய்ச்சினாலும் கோழிக்கு மூச்சு முட்டிவிடும். சுற்றிலும் துடைத்து, சுத்தத் துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டாடின் கிருமியைக் கொல்லும், ஆனால் பாட்டிலில் இருக்கிறபடியே ஊற்றினால் புதிதாக வளரவேண்டிய சதையையும் சேர்த்துக் கெடுக்கும். 5 சதவீத மருந்து என்றால் 10 மில்லியை 90 மில்லி தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள், பால் விடாத இளம் டீயின் நிறம் வரும். உப்புத்தண்ணியில் கழுவி முடித்த பிறகு இதால் ஒரு தடவை நனைத்தால் போதும். காலை, மாலை என 3 அல்லது 4 நாள். புண்ணின் அடியில் சிவப்பாக, ஈரமாக, மணல்மணலாகப் புதுச்சதை தெரிய ஆரம்பித்ததும் பெட்டாடினை நிறுத்திவிட்டு வெறும் உப்புத்தண்ணிக்கு வந்துவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நல்ல மருந்தாயிற்றே என்று பத்து நாள் ஊற்றுவார்கள், புண் காய்ந்து வெடித்து அப்படியே நிற்கும். கண் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நுரைக்கிற மருந்து, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு, பார்க்க வேலை செய்வது போலத் தெரியும். அந்த நுரையில் நல்ல சதையும்தான் பாழாகிறது. பல் பதிந்த ஆழமான துளைக்குள் ஊற்றினால் வாயு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கோழிக்கு இதைத் தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சளை நாங்கள் ஒதுக்கவில்லை. வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. சிக்கல் அதைப் போடுகிற விதத்தில் இருக்கிறது. பச்சைப் புண்ணில் தூளை அப்பினால் ரத்தத்தோடு சேர்ந்து பக்குப் பிடிக்கும். மேலே காய்ந்த ஓடு, அடியில் சீழ். மஞ்சள் நிறத்தில் சீழும் கண்ணுக்குத் தெரியாது. கடைத்தூள் சுத்தமானதா என்பது வேறு கேள்வி. ஐந்து, ஆறு நாள் கழித்துப் புதுச்சதை மூடிய பிறகு, மஞ்சளும் வேப்பிலையும் குப்பைமேனியும் போட்டுக் காய்ச்சி வடித்த தேங்காய் எண்ணெயைப் புண்ணின் ஓரத்தில் விரலால் தொட்டுத் தடவலாம். ஈ அண்டாது, தோலும் இறுகாது. எண்ணெய் இறகில் இறங்கக் கூடாது. எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைக் காக்காது, மண்ணையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் பெரிய எதிரி ஈதான். புண் ஓரத்தில் வெள்ளையாகத் தவிடு ஒட்டினாற்போலத் தெரிந்தால் அது ஈ முட்டை. ஒரே நாளில் புழுவாகிவிடும். காலையிலும் மாலையிலும் இறகை விலக்கிப் பாருங்கள், சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து உப்புத்தண்ணியில் அலசுங்கள். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைனையும் பினாயிலையும் கோழிமேல் ஊற்றவே கூடாது, அவை தோல் வழியாகவே விஷமாகும்.

கடித்தது எது என்பதைப் பொறுத்தும் வைத்தியம் மாறும். நாய் கவ்வி உலுக்கினால் வெளியே சின்னக் கிழிசலும் உள்ளே நசுங்கிய சதையும் இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் தோல் பச்சையாக மாறும். அழுகல் என்று பயந்து அறுத்துவிடாதீர்கள், கோழிக்கு ரத்தக்கட்டு பச்சையாகத்தான் கலையும். அழுகல் என்றால் நாற்றம் வரும், சதை கறுக்கும். பூனை கடித்தது நேர்மாறு. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், அது மேலே மூடிக்கொள்ளும், உள்ளே போன கிருமி ஓரிரு நாளில் கோழியைச் சாய்த்துவிடும். அதற்கு மேல்பூச்சு எதுவும் உதவாது, அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும். மருத்துவர் கொடுத்தால் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடித்தது வெறிநாயோ என்ற சந்தேகம் இருந்தால் கையுறை இல்லாமல் புண்ணைத் தொடாதீர்கள்.

தையல் போடலாமா? கடிபட்ட புண்ணைத் தைத்து மூடினால் கிருமியையும் சேர்த்து மூடுகிறோம். திறந்து விட்டால் அடியிலிருந்து தானே நிரம்பி வரும், உள்ளங்கை அளவு புண்கூடச் சில வாரங்களில் மூடிவிடும். தின்ற தீனியும் குடித்த தண்ணீரும் கழுத்தடிப் புண் வழியாக ஒழுகினால் கதை வேறு: தீனிப்பை கிழிந்திருக்கிறது, அதை மருத்துவர்தான் தைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம்.

கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையான பஞ்சாரமா, அட்டைப்பெட்டியா என்றால் முதல் இரண்டு நாளுக்குப் பெட்டிதான். இருட்டாக இருக்கும், ஈயும் குறைவு. பஞ்சாரத்தின் இடுக்கு வழியாக மற்ற கோழிகள் சிவப்பைப் பார்த்துக் கொத்தும். மார்கழிக் குளிரில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டுபல்பு எரியட்டும், கோடையில் அதுவே கொன்றுவிடும். வாயைத் திறந்து இரைத்தால் பல்பை எடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், தானே விழுங்கும். முதல் நாள் ஓஆர்எஸ் தண்ணீர், பிறகு வேகவைத்த முட்டையும் ஊறவைத்த கம்பும்.

மூன்றாம் நாள் பஞ்சாரத்துக்கு மாற்றி, மற்ற கோழிகளின் கண்ணில் படுகிற, ஆனால் அலகு எட்டாத தூரத்தில் கவிழ்த்து வையுங்கள். அடியோடு பிரித்துவிட்டால் திரும்பி வரும்போது அதைப் புதுக்கோழியாக நினைத்துத் துரத்தும். புண் முழுக்கத் தோல் மூடி, சிவப்பு துளியும் தெரியாத அன்றைக்கு, சாயங்காலம் அடைகிற நேரத்தில் கூட்டுக்குள் விடுங்கள்.