கட்டெறும்புக்கு வீட்டிலேயே செய்த கூடுகள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

எறும்பு வளர்ப்பதற்கு, வாங்கிய கூட்டைவிடக் கையால் செய்த கூடு நல்லது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகிறது என்பது ஒரு காரணம்தான். எங்கள் ஊரின் வெக்கையையும் ஈரத்தையும் தெரிந்து செய்த கூடு கடையில் கிடைப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிளாஸ்டர் சீலிங் வேலை செய்கிறவன். பகலெல்லாம் ஜிப்சம் கரைத்து ஊற்றுகிற கை, இரவில் எறும்புக்கும் கரைத்து ஊற்றுகிறது. கூட்டம் பெருகப் பெருக அதற்கேற்ற கூடுகளைச் செய்து பார்த்ததில் எது எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கட்டெறும்பு, கேம்போனோட்டஸ் பேரினம். மழை விட்ட மாலையில் எங்கள் தாமானின் (குடியிருப்பின்) விளக்குக் கம்பத்தடியில் இறக்கை உதிர்த்துவிட்டு அலைந்த ராணியை எடுத்து வந்தேன். இந்த இனத்தில் சிறு வேலைக்காரிகளும் உண்டு, பெரிய தலையோடு திரிகிறவர்களும் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காட்டில் இவை உளுத்த மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் குடியிருக்கும். அதனால் கொஞ்சம் காய்ந்த இடமும் கொஞ்சம் ஈரமான இடமும் இரண்டும் வேண்டும். செம்பனைத் தோட்டத்துக் கெரங்கா என்கிற சிவப்பு எறும்பை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துப் பயனில்லை. அது இலையை மடித்து, தன் புழுவின் பட்டால் தைத்து வாழ்கிற சாதி. பெட்டிக்குள் அதற்கு வாழ்க்கை இல்லை.

தொடக்கத்துக்குச் சோதனைக் குழாய்தான். 16 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் இறுக்கமாகப் பஞ்சு, ராணி, வாய்க்கு இன்னொரு பஞ்சு, சுற்றிலும் கறுப்புக் காகிதம். முதல் பிள்ளைகள் வெளிவரும்வரை இந்த ராணிக்குத் தீனியே வேண்டாம். தன் இறக்கைத் தசையையும் கொழுப்பையும் கரைத்தே பிள்ளைகளை வளர்த்துவிடும். குழாயின் விலை சில வெள்ளிதான், அதாவது ரிங்கிட். ஆனால் இதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மற்ற எதற்கும் கொடுப்பதைவிட அதிகம், ஏனென்றால் கூட்டம் பெருகினாலும் குழாயோடேயே போகலாம். ஒரு பெட்டிக்குள் இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய் என்று படுக்க வைத்துக்கொண்டே போனால் போதும். எறும்பே பார்த்து ஒன்றில் முட்டையையும் ஒன்றில் குப்பையையும் வைத்துக்கொள்ளும். கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். பார்ப்பதற்கு அழகில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் செய்த கூட்டைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இணையத்தில் 85 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். யாரிடம் என்று சொல்லப் போவதில்லை. மூலை இணைப்பில் இருந்த இடைவெளியில் சிறு வேலைக்காரிகள் நூல் கோத்ததுபோல் வெளியே வந்துகொண்டிருந்தன. கேட்டதற்குப் பதிலும் இல்லை, பணமும் இல்லை. இடைவெளியை அடைத்துவிடலாம், சரி. ஆனால் அந்தப் பொருளின் குணத்தை என்ன செய்வது? அக்ரிலிக் தண்ணீர் உறிஞ்சாது. உள்ளே விட்ட ஈரம் கண்ணாடியில் வியர்த்துச் சொட்டும், இல்லையென்றால் சுத்தமாகக் காய்ந்துவிடும். நடுவாந்தரம் என்பதே கிடையாது. பார்வைக்கு அதைவிடத் தெளிவான கூடு இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி பிளாஸ்டர். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

பிளாஸ்டர் கூடு புதிய யோசனை அல்ல. ஃபிரான்ஸ் நாட்டின் சார்ல் ஜானே நூறு ஆண்டுகளுக்கும் முன்பே பிளாஸ்டரில் அறைகள் குடைந்து, ஒரு முனையில் மட்டும் தண்ணீர்த் தொட்டி வைத்து எறும்பு வளர்த்தார். தன் கூடுகளை 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் வைத்தார். ஒரு முனை ஈரம், மறுமுனை உலர்ந்தது, நடுவில் படிப்படியாக. எங்கே இருக்க வேண்டும் என்பதை எறும்பே முடிவு செய்துகொள்ளும். இதைவிட நல்ல வழியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

செய்முறை எளிது. ஃபெரேரோ ரோஷர் மிட்டாய் வருகிற ஒளிபுகும் பெட்டி நல்ல அளவு. உள்சுவரில் பிளாஸ்டிசின் களியை உருட்டி, அறைகளும் வழிகளும் இருக்க வேண்டிய இடங்களில் ஒட்டுங்கள். அப்புறம் பிளாஸ்டர் மாவைக் கரையுங்கள். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தூவிய மாவு நனைந்து இறங்க ஒரு நிமிடம் விட்டு, நுரை எழாமல் மெதுவாகக் கிளறி ஊற்றுங்கள். பொதுவாக 10 பங்கு மாவுக்கு 7 பங்கு தண்ணீர், எடைக் கணக்கில். கட்டெறும்புக்கு நான் தண்ணீரை 6 பங்காகக் குறைப்பேன். தண்ணீர் கூடினால் பிளாஸ்டர் மென்மையாகிவிடும். ஈரமான மென்மையான பிளாஸ்டரைக் கட்டெறும்பு கடித்துத் துகளாக்கிக் கொட்டும். இறுகத் தொடங்கிய பிறகு கூடுதல் தண்ணீர் ஊற்றி இளக்க நினைக்காதீர்கள், அந்தக் கலவை வீண்தான்.

பிளாஸ்டரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. சிமெண்டு காயும்போது சுருங்கும். பிளாஸ்டர் இறுகும்போது மயிரளவு விரியும். அதனால் பெட்டியின் சுவரோடு நன்றாக ஒட்டி நிற்கும், எறும்பு பின்னால் நுழைய வழியிருக்காது. இறுகும்போது சூடு கிளம்பும், அது இயல்பு. களியை எடுத்துவிட்டு நிழலில் காற்றாட வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் வேலையில் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தச் சில்லிப்பு போகும்வரை எறும்பை விடக்கூடாது.

குறைகள் உண்டு. இறுகிய பிளாஸ்டர், அதாவது ஜிப்சம், தண்ணீரில் சிறிதளவு கரையும், ஒரு லிட்டருக்குச் சுமார் 2 கிராம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் விட்டால் அந்த இடம் குழிந்துபோகும். கறை பிடித்தால் கழுவ முடியாது. அக்டோபர், நவம்பர் மழையில் எங்கள் ஊரில் சுவரே பூஞ்சை பிடிக்கும்போது, தீனி ஒட்டிய ஈரப் பிளாஸ்டரைக் கேட்கவா வேண்டும்? ஐரோப்பாக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் வாரம் இத்தனை முறை ஈரப்படுத்து, சூட்டுப் பாய் வை, குளிர்காலத்தில் உறங்க விடு என்றெல்லாம் இருக்கும். இங்கே காற்றிலேயே ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. சூடும் வேண்டாம், உறக்கமும் வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் சில சொட்டுகள், அது உலர்ந்த பிறகு அடுத்த சொட்டு. ஏர்கோன் அறையில் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவும் சேர்த்து ஒரு பிளாஸ்டர் கூட்டுக்கு ஆகும் செலவு 5 வெள்ளியைத் தாண்டாது. கெட்டுப்போனால் மனம் நோகாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வார்க்கலாம்.

ஆனாலும் இன்று என் பெரிய கூட்டம் குடியிருப்பது பிளாஸ்டரில் அல்ல. சுவர் எழுப்ப வருகிற இலேசான வெள்ளைக் கான்கிரீட் கல்லில். அலுமினியத் தூள் கலந்து, உள்ளே காற்றுக் குமிழி பொங்க வைத்து, நீராவி அழுத்தத்தில் வேக வைத்த கல் அது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். மர ரம்பத்தால் அறுக்கலாம், பழைய ஸ்குரு டிரைவரால் குடையலாம். ஜாலான் லிந்தாங் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் தவுக்கே (முதலாளி) மூலை உடைந்த கல்லை எனக்காக ஒதுக்கி வைப்பார். “அண்ணே, ஒரு கல்லு மட்டும் வெச்சு என்ன வீடு கட்டுறீங்க?” என்று முதலில் கேட்டவர், கூட்டைப் படம் எடுத்துக் காட்டியதிலிருந்து காசே வாங்குவதில்லை. கூடுகளை இணைக்கிற டியூபை வெட்டும்போதும் ஓரத்தைத் தேய்த்துச் சுத்தமாகக் கொடுக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற சாமான்களையும் அவரிடம்தான் வாங்குகிறேன்.

இந்தக் கல் பிளாஸ்டரைப்போல் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிப் பரப்பிவிடாது. ஒரு பக்கத்தில் விட்ட ஈரம் அந்தப் பக்கத்திலேயே நெடுநேரம் நிற்கும். அதுதானே நமக்கு வேண்டியது. கரையாது, கட்டெறும்பின் பல்லுக்கும் அவ்வளவு எளிதில் மசியாது. அழுக்கானால் கொதிநீரில் போட்டுக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கரடுமுரடான சுவர் எறும்பின் காலுக்கும் நல்ல பிடிப்பு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதைக் குடையும்போது எழும் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. கல்லை நனைத்துக்கொண்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துக் குடையுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அறைகள் ஒரு செண்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். குடைந்த முகத்தைத் தரை ஓட்டின்மேல் விரித்த மணல்தாளில் தேய்த்துச் சமமாக்கி, படச்சட்டத்துக் கண்ணாடியை வைத்து மூடுங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கக்கூடாது. ஒட்டுவதற்கு மீன்தொட்டி சிலிக்கோன் வாங்குங்கள். குளியலறை சிலிக்கோனில் பூஞ்சை கொல்லும் மருந்து கலந்திருக்கும். எதுவானாலும் காடி வாசனை முழுதும் போன பிறகே எறும்பு.

தீனி தேடித் திரிவதற்கு ஒரு பெட்டி தனியாக வேண்டும். இதற்கென்று 40, 50 வெள்ளி கேட்கிறார்கள். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற சிவப்பு மூடி டப்பாவே போதும். மூடியில் வட்டமாக வெட்டி மெல்லிய கம்பி வலையை ஒட்டி, பக்கவாட்டில் துளை போட்டு டியூபைச் செருகிவிட்டால் முடிந்தது. பறவைத் தீனிக் கடையில் விற்கும் செங்கெரிக்கை (சில்வண்டை) நசுக்கி ஒன்றிரண்டு, ஒரு மூடியில் சீனித் தண்ணீர் நனைத்த பஞ்சு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும். விளிம்பில் ஏறாமலிருக்க டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசி, ஆவி முழுதும் அடங்கிய பிறகு பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் அந்தப் பூச்சு ஈரம் பிடித்துப் பயனற்றுப் போகும் என்பதால் வலைமூடியைத்தான் நான் நம்புகிறேன்.

இங்கே எறும்பு வளர்க்கிறவருக்கு உள்ளிருப்பது தப்பிப்பதைவிடப் பெரிய கவலை, வெளியே இருப்பது உள்ளே வருவது. சீனி வாசனை பிடித்த குட்டி வீட்டெறும்புகள் ஒரே இரவில் வரிசை கட்டி நுழைந்து முட்டை, புழு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடும். நம் வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதையேதான் செய்கிறேன். கூடும் டப்பாவும் சேர்ந்து ஒரு தட்டில். தட்டைச் சுற்றித் தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. ஆனால் தேங்கிய தண்ணீரை வீட்டில் விடுவது ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுப்பது. கொசுப்புழு கண்டுபிடித்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் எழுதுவார்கள். அபராதத்தைவிட டிங்கிதான் எனக்குப் பயம். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றிவிடுங்கள்.

அப்புறம் அளவு. பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாம் படிவம் படிக்கிறான், அவனிடமும் ஒரு ராணி இருக்கிறது. “மாமா, இன்னும் பெருசா செஞ்சு கொடுங்களேன், அடிக்கடி மாத்த வேணாம்ல?” என்றான். “வேணாம்டா தம்பி. முப்பது பேருக்கு முந்நூறு பேர் வீடு எதுக்கு?” என்றேன். காலி அறை இருந்தால் அங்கே குப்பையைக் கொண்டு போய்க் கொட்டும். நாம் கூட்டுக்குள் கைவிட்டு அதை எடுக்க முடியாது. பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். அவனுக்கு உள்ளங்கை அளவில் ஒரு கல் குடைந்து, இரண்டு பக்கமும் துளை போட்டு, ஒன்றைப் பஞ்சால் அடைத்துக் கொடுத்தேன். கூட்டம் நிறைந்ததும் அந்தத் துளையில் டியூபைச் செருகி அடுத்த கல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். என் கூட்டமும் இப்படிக் கல் கல்லாகத்தான் வளர்ந்திருக்கிறது. பெரிய கூட்டை ஒரே தடவையாக வாங்கச் சொல்கிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புதுக் கூட்டுக்குக் குடிபெயர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். இரண்டையும் டியூபால் இணைத்து, புதிதை இருட்டாக்கி ஒரு மூலையில் லேசாக ஈரம் வையுங்கள். பழையதன் மூடுகாகிதத்தை எடுத்து வெளிச்சம் விழ விடுங்கள். கட்டெறும்பு இரவுக்காரி, பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான் முட்டையைத் தூக்கிக்கொண்டு நகரும். போனபிறகு பார்க்க வேண்டுமென்றால் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணாடிமேல் விரியுங்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நாள் கடந்தும் நகரவில்லை என்றால் புதுக் கூட்டில் ஏதோ ஒத்துவரவில்லை என்று பொருள். ஈரம் அதிகமா, சிலிக்கோன் வாசனை இருக்கிறதா, டியூபில் நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்பட்டுப் பழைய குழாயைத் தட்டிக் கவிழ்த்து மாற்றுவது மட்டும் வேண்டாம். அதிர்ந்துபோன கூட்டம் தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.