சிகுரூப் இரண்டாம் பதிப்பின் ஆவணம்: விதிகள் உண்டு, வழி இல்லை

பலர் ஒரே சர்வரில் வேலை பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் லினக்ஸ் இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. யாரோ ஒருவரின் நிரல் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும்; மற்றவர்கள் வரிசையாக வந்து என் கதவைத் தட்டுவார்கள். இதற்கு மருந்து சிகுரூப். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது புராசஸ்களை, குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவு சிபியு, இவ்வளவு நினைவகம் என்று லினக்ஸின் மையமான கெர்னலே அளந்து கொடுக்கும் ஏற்பாடு அது. ஏற்பாட்டின் மீது எனக்குப் புகார் இல்லை. அதற்காகக் கெர்னலோடு வரும் ஆவணத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் 2006இல் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. அந்த முதல் பதிப்பின் ஆவணங்கள் சிபியு, நினைவகம் என ஒவ்வொன்றையும் அளக்கும் கன்ட்ரோலருக்கு ஒரு கோப்பாகச் சிதறிக் கிடக்கும். நினைவகத்துக்கான கோப்பின் தலையிலேயே ஓர் எச்சரிக்கை: இது மீட்க முடியாத அளவுக்குக் காலாவதியாகிவிட்டது, முழுதாகத் திருப்பி எழுத வேண்டும், ஆழமாகத் தெரிய வேண்டுமானால் கெர்னல் நிரலைப் பாருங்கள் என்று. நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் சர்வர் மூச்சுத் திணறும் நேரத்தில் சி மொழி நிரலைப் பிரித்து உட்கார யாரால் முடியும்?

அதோடு ஒப்பிட்டால் இரண்டாம் பதிப்பின் ஆவணம் வேறு ரகம். டெஜுன் ஹியோ எழுதியது; 2016இல் 4.5 கெர்னலோடு முறைப்படி வந்த வடிவமைப்பை ஒரே இடத்தில் சொல்கிறது. சிகுரூப்பில் ஒவ்வொரு அமைப்பும் ஒரு கோப்பு; அதில் மதிப்பை எழுதித்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் இயல்பு மதிப்பு என்ன, எல்லை எவ்வளவு என்பதில் குழப்பமே கிடையாது. சிபியுவில் குழுவின் பங்கைச் சொல்லும் சிபியு.வெயிட் என்றால் 1 முதல் 10000 வரை, இயல்பாக 100. தேடினால் கிடைக்கும், கிடைத்ததை நம்பலாம்.

சின்ன எடுத்துக்காட்டுகளும் அருமை. ஏ என்ற குழுவுக்குள் பி, பிக்குள் சியும் டியும். ஏ தன் கீழே சிபியு, நினைவகம் இரண்டையும் இயக்கியிருக்கிறது. பி நினைவகத்தை மட்டும். ஆகவே சியும் டியும் சிபியுவுக்கு முட்டி மோதிக்கொள்ளலாம், நினைவகத்தை மட்டும் பங்கு பிரித்துத்தான் தருவார்கள். இரண்டு வரிப் படத்தில் கட்டுப்பாடு மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது என்பது விளங்கிவிடுகிறது. இப்படி இன்னும் பத்து படங்கள் இருந்திருந்தால் இந்த விமர்சனத்துக்கே வேலை இருந்திருக்காது.

சிக்கல் எங்கே என்றால், விதியை ஓரிடத்தில் சொல்லிவிட்டு, அந்த விதியில் முட்டிக்கொள்பவர் எதைப் பார்ப்பார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. குழு மரத்தின் உச்சியான வேருக்குக் கீழே உள்ள ஒரு குழு, நினைவகம் போன்றவற்றைத் தன் பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டுமானால் அதற்குள் நேரடியாகப் புராசஸ் எதுவும் இருக்கக் கூடாது. காரணத்தோடு தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் விதி தெரியாதவர் பிள்ளைகளுக்கு எதைப் பங்கிடுவது என்று சொல்லும் சப்ட்ரீ_கண்ட்ரோல் கோப்பில் எழுதும்போது திரையில் வருவதோ ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’. எந்த டிவைஸ், யார் பிஸி? அந்தப் பத்தியில் இந்தப் பிழையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

நினைவகத்தின் கணக்கு இன்னொன்று. ஒரு நினைவகப் பகுதியை எந்தக் குழு முதலில் உண்டாக்கியதோ அதன் கணக்கிலேயே, விடுவிக்கப்படும் வரை, அது நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸைப் புதுக் குழுவுக்கு மாற்றினாலும் பழைய பாக்கி கூட வராது. முக்கியமான உண்மை இது. இதன் முழு விளக்கம் ஆவணத்தின் நினைவகப் பகுதியின் கடைசியில் ஒதுங்கியிருக்கிறது. புராசஸை நகர்த்துவதைச் சொல்லும் இடத்தில் அல்லவா இது இருக்க வேண்டும்?

திருத்தம் நல்லபடியாக நடந்த ஓரிடமும் உண்டு. மெமரி.ஹை என்பது மென்மையான எல்லை. தாண்டினால் குழுவின் வேகம் முடக்கப்படும், கெர்னல் நினைவகத்தைப் பிடுங்கிப் பார்க்கும், யாரையும் கொல்லாது. முன்பு இதைத்தான் நினைவகக் கட்டுப்பாட்டின் முதன்மையான வழி என்று எழுதியிருந்தார்கள். நம்பிப் போட்டவர்களின் நிரல் சாகவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும். பிற்பாடு ஒருவர் இதைச் சுட்டிக்காட்ட, வெளியிலிருந்து கண்காணித்து நடவடிக்கை எடுக்க ஒரு நிரல் இருந்தால் மட்டுமே மெமரி.ஹை, மற்றபடி எல்லை போட மெமரி.மேக்ஸ் என்ற கடினமான எல்லை என்று மாற்றினார்கள். சில வரிகள்தான். பக்கம் பக்கமாகச் சேர்ப்பதைவிட இத்தகைய திருத்தத்துக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஆனால் பயன்பாட்டு வழிமுறை என்ற உட்பகுதியில், நான் பார்த்த பதிப்பில், பழைய வாக்கியம் அப்படியே இருக்கிறது. ஒரே ஆவணம் இரண்டு குரலில் பேசினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வது?

வட்டில் படிக்கவும் எழுதவும் ஆகும் தாமதத்தைப் பற்றிய ஐஓ.லேட்டன்சி பகுதியைப் போல் மற்றவையும் இருந்தால் நன்று. முதலில் தாராளமான மதிப்பு கொடுங்கள், சாதாரண ஓட்டத்தில் சராசரித் தாமதத்தைப் பாருங்கள், அதைவிட 10 முதல் 15 சதவீதம் கூட்டி வையுங்கள் என்று கைப்பிடித்து நடத்துகிறது. எழுத முடியாது என்பதல்ல, மற்ற இடங்களில் எழுதவில்லை.

முதல் பதிப்பை ஏன் கைவிட்டார்கள் என்ற அத்தியாயம் கடைசியில் இருக்கிறது. என் யோசனை, அதிலிருந்து தொடங்குங்கள். விதிகள் எல்லாம் எந்தக் கசப்பிலிருந்து பிறந்தவை என்பது தெரிந்தபின் முன்பகுதி வேகமாக ஓடும்.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் இருக்கிறது. இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் பெரும்பாலானவற்றில் சிகுரூப் மரத்தின் சொந்தக்காரர், இயந்திரம் எழும்போது சேவைகளைத் தொடங்கி மேய்க்கும் சிஸ்டம்டி. நாமாக அடைவு உண்டாக்கி எண்களை எழுதுவது, அது நம்மிடம் ஒப்படைத்த கிளைக்குள் அல்லாமல், சரியான முறை ஆகாது. கெர்னல் ஆவணம் ஒப்படைப்பைப் பொதுவாக விளக்குகிறது. சிஸ்டம்டி உள்ள இயந்திரத்தில் என்ன செய்வது என்பதற்கு அதன் சொந்த ஆவணத்துக்குத்தான் போக வேண்டும். பொதுச் சர்வர் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு பயனருக்கும் சமமான எல்லை போட ‘யூசர்-.ஸ்லைஸ்.டி’ என்ற அடைவில் ஒரு சிறு கோப்பு வைத்து, அதில் மெமரிமேக்ஸ் மதிப்பை எழுதினாலே போதும். என் கதவு தட்டப்படுவது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது.