சாம்பாரில் கலக்கும் பவுடர்: 9,600 ரூபாய் போச்சு, அண்ணன் உயிரும் போயிருக்கும்

நேற்று ராத்திரிதான் அண்ணனை அடுக்கம்பாறை ஜி.எச்.சிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேலூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் நாட்டு மருந்துக் கடை. பெயரைப் போட்டால் எனக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வரும். "குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று ஆட்டோ முதுகில் விளம்பரம். அண்ணி ராணிப்பேட்டையில் ஷூ தைக்கப் போகிறவர். கம்மலை அடகு வைத்து 9,600 ரூபாய் எடுத்துப் போனோம்.

கடைக்காரர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லம்மா, பழக்கம்தான் கெட்டது" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அண்ணியிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானும்தான். அங்கேயே அழுதுவிட்டார். அழுகை நிற்பதற்குள் பணம் கல்லாவுக்குள் போய்விட்டது. "மூலிகைக்கு ஏதுங்க பில்லு?" என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தினம் ஒரு சிட்டிகை சாம்பாரில். ஐந்தாம் நாள் அண்ணன் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் போட்டார். கொஞ்ச நேரத்தில் முகம், கழுத்தெல்லாம் குப்பென்று சிவந்து, வாந்தி, படபடப்பு, ஆளே சரிந்துவிட்டார்.

பொட்டலத்தைப் பார்த்த டாக்டர், டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம் என்றார். குடியை விட டாக்டர்களே எழுதித்தரும் மாத்திரைதானாம். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, சம்மதித்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கணும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் சாராயம் முழுசாக முறியாமல் பாதியில் நஞ்சாகத் தங்கிவிடும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட ஆபத்து உண்டாம். திட்டுவார் என்று நினைத்தோம், திட்டவில்லை. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் எல்லாம் இருக்கிறது, ஈரல், கிட்னி பார்த்துவிட்டுத் தரலாம், அவரையே கூட்டி வாங்க என்றார்.

கடைக்கு போன் போட்டால் முதலில் "பத்தியம் மீறியிருப்பாரு". அப்புறம் "ஓனர் திருப்பதி போயிருக்கார்". இன்று காலை நேரில் போனேன். "வாந்தி எடுத்தாரா? அப்ப மருந்து வேலை செய்யுதுங்க, ரெண்டாவது கோர்ஸ் போட்டுடுங்க" என்கிறான்! 9,600 ரூபாயைக் கேட்டால் பில் எங்கே என்கிறான்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். தினமும் குடிப்பவரைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். 14446க்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண்.

அண்ணன் இப்போது அண்ணி கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை, ஓட்டலில் பார்சல் வாங்கிச் சாப்பிடுகிறார். கம்மலுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.