டெக்னிகல் டெத் மெட்டல் ரிதம்: டியூப் ஸ்க்ரீமரா, எச்எம்-2வா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் மாடி அறை. ஒரே கிட்டார், ஒரே ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி). வாசித்தது டெக்னிகல் டெத் மெட்டல், அதாவது வேகமும் சிக்கலும் நிறைந்த கனமான மெட்டல் இசை. ஆம்புக்கு முன்னால், கிட்டார் சத்தத்தின் தன்மையை மாற்றும் பெடலை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம்: ஒன்று எச்எம்-2, இன்னொன்று டியூப் ஸ்க்ரீமர்.

பாஸ் கம்பெனியின் எச்எம்-2 வந்தது 1983இல். நாலு குமிழையும் முழுசாகத் திருப்பினால் ரம்பம் மரம் அறுக்கிற சத்தம். ஸ்வீடன் டெத் மெட்டலின் அடையாளமே அதுதான். கனமான, நிதானமான ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) உடம்பு சிலிர்க்கும். ஆனால் 220 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 220 தட்டு) பதினாறாம் நோட்டுகள் (தட்டுக்கு நாலு அடி) ஓடினால் எல்லாம் குழைந்த சோறு. பக்கத்து வீட்டு மோட்டார் போட்டால் கூடவே இரையும். இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் இல்லாமல் ஆகாது.

ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரை டிரைவ் (கரகரப்பு) பூஜ்யம், லெவல் (சத்த அளவு) முழுசு என்று வைக்க வேண்டும். 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடுச்சத்தத்தைத் தூக்கி, அடிச்சத்தத்தை இளைக்க வைத்து ஆம்புக்கு அனுப்பும். தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தாலும் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழுகிறது. ஆம்பில் கெய்ன் (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) பாதிக்குச் சற்று மேலே போதும். மிட்டை (நடுச்சத்தம்) மட்டும் குறைத்துவிடாதீர்கள், டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும்.

என் ஓட்டு டியூப் ஸ்க்ரீமருக்கே. எச்எம்-2 ஆசை விடவில்லையென்றால் ரெக்கார்டிங்கில் இன்னொரு டிராக்காக, அடியில் கொஞ்சமாகச் சேருங்கள்.