பழைய 386 பூட் ஆகவில்லையா? என் அனுபவத்தில் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்

386 என்ற பழைய பிராசசர் சிப் போட்ட கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒன்று கைக்கு வந்தால், பவர் கொடுப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். கீபோர்டு கனெக்டருக்குப் பக்கத்தில் நீலம் அல்லது பச்சை உறை சுற்றிய சின்ன உருளை இருக்கும். 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். அது கசிந்திருந்தால் மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான்.

என்னிடம் இருப்பது ஏஎம்டி 386டிஎக்ஸ்-40 போட்ட அசெம்பிள்டு பெட்டி. இன்டெலின் 386 33 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. 1991-ல் வந்த ஏஎம்டி சிப் 40 வரை போனது. அந்தக் காலத்து ஆபீஸ்களிலும் டைப்பிங் சென்டர்களிலும் லோட்டஸ் கணக்குத்தாளும் வேர்ட்ஸ்டார் டைப்பிங் நிரலும் ஓடிய வகை மெஷின். நான் இதைப் பல வருடங்களாக வைத்துப் பயன்படுத்துகிறேன். சும்மா அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில்லை, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் வேலையே செய்கிறேன். அதனால் அது கிளம்ப மறுக்கும் விதங்கள் எல்லாம் எனக்குப் பழகிப்போய்விட்டன. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. வரிசை தப்பாமல் பார்த்தால் போதும்.

முதலில் பேட்டரி. இது கசிந்து வெளியே வரும் திரவம் காரம், அமிலம் இல்லை. அதனால் சோடா உப்பு போட்டுத் தேய்ப்பதில் பலன் இல்லை. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர், கடைசியாக ஐசோப்ரொபைல் ஆல்கஹால். என் போர்டில் பேட்டரிக்குக் கீழே இருந்த செம்புக் கோடுகள் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தன. பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டியதும் உள்ளே செம்பு கறுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. மல்டிமீட்டரைப் பீப் மோடில் வைத்து ஒவ்வொரு கோட்டையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தொட்டுப் பார்த்தேன். கீபோர்டுக்குப் போகும் கிளாக் லைன் நடுவில் அறுந்திருந்தது. மயிரிழை தடிமனான எனாமல் வயரை இரண்டு முனையிலும் சால்டர் செய்து, மேலே ஒரு சொட்டு வார்னிஷ். அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரரிடம் மாற்று பேட்டரி கேட்டபோது, “சார், அதே மாதிரி பேட்டரி மட்டும் திரும்பப் போட்டுடாதீங்க. நாலு வருஷத்துல மறுபடி இதே கதைதான்” என்றார். சரியான பேச்சு. பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நான்கு பின் இருக்கும். மூன்று ஏஏ ஆல்கலைன் செல்லை ஹோல்டரில் போட்டு, வயர் நீட்டி, பெட்டியின் அடியில் ஒட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மெஷின் ஓடும்போது அந்தப் பின்னில் சார்ஜ் வோல்டேஜ் வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். வந்தால் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று கட்டாயம். சாதாரண செல்லைச் சார்ஜ் ஏற்றினால் அதுவும் கசியும்.

அடுத்தது பவர் சப்ளை. இங்கே அவசரம் ஆபத்து. ஏடி வகைப் பெட்டிகளில் முகப்பு ஸ்விட்சுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. ஆஃப் செய்திருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை அந்த ஸ்விட்சின் பின்னால் கரண்ட் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 இரண்டு கனெக்டரையும் மாற்றிச் செருக முடியும், செருகினால் போர்டு போய்விடும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, சத்தம் எதுவும் இல்லை. இந்த நிலையில் பலரும் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆரஞ்சு வயரை அளந்து பாருங்கள். அது பவர் குட் சிக்னல். வோல்டேஜ் எல்லாம் நிலைப்பட்ட பிறகுதான் சப்ளை அதில் 5 வோல்ட் கொடுக்கும். அது வரும்வரை போர்டு ரீசெட்டிலேயே நிற்கும். பழைய சப்ளைகளில் கபாசிட்டர் வறண்டு போய் இந்தச் சிக்னல் வராமல் இருப்பது சகஜம். ஃபேனே சுற்றாமல் டிக் டிக் என்று மட்டும் வந்தால் வேறு கதை. பெரும்பாலும் போர்டில் 12 வோல்ட் லைனில் உள்ள டான்டலம் கபாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். பவர் இல்லாமல் ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும்.

பவர் சரி என்றால் இனி மெஷினே பேசும். என் போர்டில் இருப்பது ஏஎம்ஐ பயோஸ், அதாவது மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல். திரை வருவதற்கு முன்னால் கோளாறு என்றால் பீப் எண்ணிக்கையால் சொல்லும். மூன்று பீப் என்றால் முதல் 64 கேபி மெமரியில் பிரச்சினை. ஆறு என்றால் கேட் ஏ20, அதாவது கீபோர்டு கன்ட்ரோலர் சிப். எட்டு என்றால் டிஸ்ப்ளே கார்டின் மெமரி. ஒன்பது என்றால் பயோஸ் இருக்கும் ரோம் சிப்பில் எழுதியிருப்பதே கெட்டுவிட்டது. ஆறு பீப்பைக் கேட்டதும் சிப்பை மாற்ற ஓட வேண்டாம். அந்தச் சிப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சாக்கெட்டின் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்று பீப்தான் எனக்கு அதிகம் வருவது. 386டிஎக்ஸ்-க்கு 32 பிட் பஸ் (தரவு போகும் பாதை), 30 பின் சிம் (மெமரிச் சிப்புகள் பொருத்திய சின்னப் பலகை) ஒன்றுக்கு 8 பிட். ஆகவே நான்கு சிம் சேர்ந்தால்தான் ஒரு பேங்க், அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் மொத்தமும் போச்சு. சென்னையில் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து சிம்மின் ஓரத்தில் ஈய முலாம் பூசிய தொடுமுனை வரிசையை மங்கச் செய்துவிடுகிறது. சிம்மைக் கழற்றி ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, திரும்பச் சாய்த்துச் செருகி நிமிர்த்தினால் போதும். கழற்றும்போது இரண்டு பக்கக் கொக்கியையும் ஒரே நேரத்தில் மெதுவாக விரித்துப் பிடிக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக், உடைந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். இந்தத் துடைப்பு வேலை மட்டும் நிரந்தரத் தீர்வாகவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் செய்கிறேன்.

பீப் எதுவும் வராவிட்டால் போஸ்ட் கார்டு என்ற சோதனைக் கார்டு வேண்டும். மதர்போர்டின் ஐஎஸ்ஏ கார்டு ஸ்லாட்டில் செருகினால் பயோஸ் 80எச் போர்ட்டுக்கு அனுப்பும் எண்ணை இரண்டு இலக்கத்தில் காட்டும். எண் மாறி மாறி வந்து ஓரிடத்தில் நின்றால், அங்கேதான் கோளாறு. எண் அசையவே இல்லை என்றால் சிபியூ ஓடவே ஆரம்பிக்கவில்லை. அப்போது சிப்புக்குக் கிளாக் கொடுக்கும் ஆஸிலேட்டரைப் பார்க்க வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 80 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இந்தச் சிப்புக்கு இரட்டிப்புக் கிளாக்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நல்ல பீப் வந்தும் திரை இருட்டாக இருந்தால் மானிட்டரைச் சந்தேகியுங்கள். டாஸ் எழுத்துத் திரை 720×400, 70 ஹெர்ட்ஸ். புது எல்சிடி சில இதை ஏற்காது. பழைய மானிட்டர் ஒன்றில் மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

திரை வந்த பிறகு சீமாஸ் செக்சம் ஃபெயிலியர் (சேமித்த செட்டப் விவரம் கெட்டுவிட்டது) என்று நிற்பது பேட்டரி தீர்ந்ததால். செட்டப்புக்குள் போய் ஹார்ட் டிஸ்க் விவரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த வயது பயோஸ் பலவற்றில் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இல்லை. என் 40 எம்பி டிஸ்க்குக்கு 977 சிலிண்டர், 5 ஹெட், 17 செக்டர், அதாவது டைப் 17. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். எண் மாறினால் டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகாது.

அந்த டிஸ்க்கை இப்போது தினசரி ஓட்டுவதில்லை. ஹார்ட் டிஸ்க் கேபிளில் மாட்டும் ஐடிஇ அடாப்டரில் காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டு போட்டுவிட்டேன். சுழலும் டிஸ்க்கின் சத்தத்தை விரும்புகிறவன் நான், இருந்தும் இதைச் சொல்கிறேன்: தினமும் பயன்படுத்த இதுதான் நல்லது. பழைய பயோஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், அதாவது 504 எம்பிக்கு மேல் பார்க்காது. அதைத் தாண்ட வேண்டுமானால் எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயோஸ் என்ற நிரலை ஒரு ஈப்ரோம் சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகலாம். அது டிஸ்க்கைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், சீட்டுக்கும் அவசியம் இருக்காது. புதுக் கார்டில் டாஸ் ஏற்றிய பிறகும் கிளம்பவில்லை என்றால், பெரும்பாலும் டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்காமல் விட்டிருப்பீர்கள்.

இன்னும் இரண்டு வேலை, மெஷின் நன்றாக ஓடும் நாளிலேயே செய்ய வேண்டியவை. பயோஸ் சிப்பின் ஜன்னல் மேல் ஒட்டிய காகிதம் உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள், வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது மெல்ல அழியும். அதோடு அந்தச் சிப்பைப் படித்து ஒரு நகலும் எடுத்துவிடுங்கள். ஒன்பது பீப் கேட்ட பிறகு நகல் தேடி அலைவது பெரிய பாடு. பூட் ஃப்ளாப்பியையும் இரண்டு பிரதி எடுத்து, சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததை டிரைவில் போட்டால் ஹெட்டும் அழுக்காகி அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும்.